பின்னால வாறன்

அவருடைய முகத்தை நான் நேராகப் பார்த்தது நாலே நாலு தடவை. பதினான்கு மாதம் பழகிய ஒருவரைப் பற்றி இப்படி எழுதுவது விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்குறிப்பைப் புரட்டி, எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மற்ற நாட்களில் எல்லாம் அவர் எனக்குப் பின்னால் இருந்தார்.

அவரை எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். அவருடைய சைக்கிளின் பின் மட்கார்ட் ஒரு பக்கம் கழன்றிருந்தது. வீதியில் குழி வந்தால் இரண்டு தடவை தட்டும். மிதிப்பதை நிறுத்தினால் பிறீவீல் கறகறவென்று ஓடும். அதில் ஒரு பல் தேய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மட்டும் சத்தம் விடுபட்டுத் தொடரும், பேச்சின் நடுவே ஒருவர் எச்சில் விழுங்குவதைப் போல. அந்த விடுபடல்தான் அவர். அதைக் கேட்டால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை செய்கிறேன். எழுதி வைப்பது தொழிலால் வந்த பழக்கம். என்னுடைய இரத்தத்தையே சோதித்தபோது வந்த ஓர் எண் பிடிக்காமல், நாற்பத்தைந்து வயதில் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினேன். காலை ஐந்தே காலுக்கு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் தொடங்கி மரைன் டிரைவ் வழியே கொள்ளுப்பிட்டி ரயில் நிலையம் வரை ஓடுவேன். நாலு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இடது பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். வீட்டுக்கு வந்ததும் கிழமை, காற்று, நேரம் மூன்றையும் எழுதுவேன். காற்றைப் பம்பலப்பிட்டியில் ஒரு ஹோட்டலின் மேலே பறக்கும் கொடியைப் பார்த்து அறிவேன்.

அவர் முதன்முதலாக வந்த நாளில் நான் பயந்துபோனேன். பாலம் தாண்டி நூறு மீற்றரில் அந்தக் கறகறப்பு பின்னால் ஒட்டிக்கொண்டது. வேகத்தைக் கூட்டினேன். கூடவே வந்தது. குறைத்தேன். குறைந்தது. கடந்து போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கினால், அதுவும் ஓரமாக ஒதுங்கியது. கொள்ளுப்பிட்டியில் இறங்கி, காற்றுப் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

பத்தடி தள்ளி ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். அறுபது வயது இருக்கும். மெலிந்த ஆள். நீளக்கைச் சேர்ட்டைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். காற்சட்டைக் கால் செயினில் சிக்காமலிருக்க, துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் கணுக்காலில் மாட்டியிருந்தார். பச்சை நிற பிளாஸ்டிக் கிளிப்.

“ஏன் என்ர பின்னால வாறீங்கள்?”

“முன்னால போய்ப் பழக்கமில்லை, தங்கச்சி.”

“அப்ப வேற ஆருக்கும் பின்னால போங்கோ.”

“மற்றவை ஒரு சீராப் போகாயினம். நீங்கள் மணிக்கூடு மாதிரிப் போறீங்கள்.”

அதற்கு முன் எவரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. பம்பை அதன் இடத்தில் மாட்டினேன்.

வீட்டில் இவரிடம், என் கணவரிடம், சொன்னேன். ஏழு மணிக்கு முன் கண் திறக்காத மனிதர், மறுநாள் எனக்காக எழும்பி, மோட்டார் சைக்கிளில் போய்ப் பம்பலப்பிட்டியில் மதில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நானும் பின்னால் வந்தவரும் இவரைக் கடந்து போனோம். வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அறிக்கை தந்தார்.

“ஆள் உம்மைப் பாக்கேல்ல.”

“பின்ன எதைப் பாக்கிறார்?”

“உம்மட பின் சில்லை. கண் வெட்டாமல் பாக்கிறார். எனக்கு உம்மை நினைக்கத்தான் கவலையாக் கிடக்கு. அந்தச் சில்லுக்கு இருக்கிற மதிப்பு உமக்கில்லை.”

சிரித்தோம். ஆனால் இவர் குடித்து முடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “சாமான் ஒண்டைத் துலைச்சவன் தேடுற மாதிரிப் பாக்கிறார்” என்றார்.

அதற்குப் பிறகு அவரை ‘அண்ணை’ என்று கூப்பிட்டேன். பெயர் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. ஞாயிறு தவிர எல்லா நாளும் பாலத்தடியில் நிற்பார். நான் வந்ததும் ஒரே வசனம்.

“நீங்கள் போங்கோ தங்கச்சி, நான் பின்னால வாறன்.”

ஓடும்போது பேச்சு இல்லை. நான் தலையைத் திருப்பப் போகிறேன் என்பது அவருக்கு எப்படித்தான் தெரியுமோ. தோள் சற்று அசைந்தாலே, “நேர பாருங்கோ. திரும்பினா சைக்கிள் ஆடும்” என்பார். ஆகவே நான் திரும்புவதில்லை. கொள்ளுப்பிட்டியில் நான் நின்றதும் அவரும் நிற்பார். “வந்திட்டன்” என்பார். யாருக்கோ கணக்கு ஒப்புவிப்பதைப் போன்ற குரல். நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திரும்புவதற்குள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

ஒருநாள் ராமகிருஷ்ண மிஷனுக்குக் கிட்ட என் பின் டயர் காற்றுப் போய்விட்டது. குனிந்து டியூப் மாற்றினேன். இருட்டு விலகவில்லை. அண்ணை லைட் பிடித்தார். முன்னால் வந்து பிடித்தால் எனக்கு வசதி என்றேன். வரவில்லை. எனக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பதினைந்து நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். என்னுடைய நிழல் சில்லின் மேல் விழுந்தது. கழுத்துக்குப் பின்னால் அவருடைய மூச்சு நிதானமாக வந்துபோனது. இன்னொருநாள் தேத்தண்ணிக் கடையில் அவரைக் கண்டேன். கடைக்குள் நுழைய வந்தவர், வருகிற ஒவ்வொருவருக்கும் வழி விட்டு, வாசலிலேயே நின்றார். கடைசி ஆளும் உள்ளே போன பிறகு போனார். கடைக்காரப் பொடியன், “ஐயா வந்தா கடையே நிறைஞ்சிடும்” என்று பகிடி விட்டான்.

அவர் வரும் நாட்களுக்குப் பக்கத்தில், நேரத்துக்கு அடுத்த கட்டத்தில், ‘அ’ என்று எழுதத் தொடங்கினேன். அண்ணை என்பதன் சுருக்கம். காரணம் எதுவும் இல்லை. நடந்ததை எழுதாமல் விட எனக்கு முடியாது.

ஏதோ ஓட்டப் போட்டி நடந்த ஒரு சனிக்கிழமை, பம்பலப்பிட்டியில் வீதிக்குக் குறுக்கே கயிறு கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஓர் இளம் பொலிஸ்காரர் என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். “நோனா யன்ன.” எனக்குப் பின்னால் கயிற்றை இழுத்தார். “மஹத்தயா பொட்டக் இன்ன.” ஐயா கொஞ்சம் நிற்கட்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிட அலுவல். பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “நீ போ அண்ணை, நான் பின்னால வாறன்.”

அது அவருடைய குரல் இல்லை. பத்தொன்பது இருபது வயதுப் பொடியனுடைய குரல். தொண்டை முற்றாத குரல். சைக்கிள் ஆடினாலும் பரவாயில்லை என்று திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு அப்பால் அவர் மட்டும்தான் நின்றார். வாய் மூடியிருந்தது. இரண்டு கையும் ஹான்டிலை இறுக்கிப் பிடித்திருக்க, சைக்கிள் முழுவதும் நடுங்கி, மட்கார்ட் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

நான் திரும்பிப் போய், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவரோடு நின்றேன். அப்போதுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு சொல் விடாமல் எழுதினேன். இது நாட்குறிப்பின் அந்தப் பக்கம்.

“தம்பிக்குக் கொட்டாஞ்சேனையில ஒரு வேலை கேக்கப் போனனாங்கள். ரெண்டு சைக்கிள். நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு. ஆமிச் சென்றியில மறிச்சவங்கள். என்ர அடையாள அட்டையைப் பாத்துப் போ எண்டாங்கள். அவன்ரயைப் பாத்து நில் எண்டாங்கள். நான் நிக்கத்தான் பாத்தனான். அவன்தான் சொன்னவன், நேரம் போகுது, நீ போ அண்ணை, நான் பின்னால வாறன் எண்டு. நான் போயிட்டன். அண்டைக்கு நல்ல பின்காத்து. நல்ல வேகம். ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்ல. கொட்டாஞ்சேனையில பொழுதுபடும் மட்டும் நிண்டனான். அவன்ர சைக்கிள் ஒரு கிழமை அந்தச் சென்றியடியில சாத்திக் கிடந்தது. பிறகு ஆரோ பின் சில்லைக் கழட்டிக்கொண்டு போயிட்டினம்.”

“பிறகு?”

“பிறகெண்டு ஒண்டும் வரேல்ல, தங்கச்சி.”

எங்கள் பேச்சில் ‘பின்னால வாறன்’ என்றால் உன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வருகிறேன் என்றும் பொருள். நீ போ, நான் பிறகு வந்து சேருகிறேன் என்றும் பொருள். தம்பி எந்தப் பொருளில் சொன்னார் என்பது அண்ணைக்குத் தெரியாது. இரண்டையும் விட்டுவிடாமல் வைத்திருந்தார். “அவன் சொல்லிப்போட்டான். ஆரும் வந்து சேரேல்ல. அதுதான் நான் ஒவ்வொரு நாளும் சொல்லிப்போட்டு வந்து சேருறன்” என்றார்.

“அப்ப ஏன் என்னைத் திரும்பிப் பாக்க வேண்டாம் எண்டுறீங்கள்?”

“அண்டைக்கு நான் பாத்திருந்தா, அவன் இல்லையெண்டு அந்த இடத்திலயே முடிஞ்சிருக்கும். பாக்காததால இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.”

கயிற்றை அவிழ்த்தார்கள். “போங்கோ” என்றார். போனேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அதைச் செய்தேன். அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

எனக்கு எட்டு நிமிடத்துக்குள் கொள்ளுப்பிட்டிக்குப் போக வேண்டுமென்று ஆசை. ஒரு வருடம் முயன்றும் எட்டு நிமிடம் ஐந்து வினாடிக்குக் கீழே இறங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் சைக்கிள் கடை வைத்திருக்கும் முஸ்லிம்காரர், நானா என்று கூப்பிடுவோம், கூரையில் தொங்கிய ஒரு சோடிச் சில்லை இறக்கிக் காட்டினார். காபன் ரிம். மற்றச் சில்லுகளில் ஒரு விரல் அகலம் இருக்கும் இடம், இதில் நாலு விரல் ஆழத்துக்குக் கறுப்பாக, மெழுகியதைப் போல இருந்தது. கம்பிகள் தட்டையானவை, எண்ணிக்கையிலும் குறைவு.

“அவுஸ்திரேலியாவுக்குப் போன டொக்டர் ஒருத்தர் குடுத்துட்டுப் போனது, மிஸ். காத்து வெட்டுற சில்லு. போட்டுப் பாருங்க, ஒங்களுக்கே வெளங்கும்.”

மாட்டிக்கொண்டே, நான் யாரோடு ஓடுகிறேன் என்று கேட்டார். ஒருவர் பின்னால் வருவார் என்றேன்.

“ஒட்டியா வாரார்? அப்ப ஒங்களுக்கும் லாபம்தான். முன்னுக்குப் போற ஆள்ட முதுகுக்குப் பின்னால காத்து சுழண்டு, ஆளப் பின்னுக்கு இழுக்கும். பின்னுக்கு ஒருத்தர் இருந்தா அந்த எடத்த அவர் நெரப்பிடுவார். இழுவ கொறயும்.”

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, கொடி அசையாத நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ‘அ’ இல்லாத நாட்களில் எட்டு நிமிடம் பத்து வினாடி. ‘அ’ இருந்த நாட்களில் எட்டு நிமிடம் ஐந்து வினாடி. ஒரு வருடமாக, ஏறக்குறைய ஒரே மாதிரி. அவர் எனக்கு நாளுக்கு ஐந்து வினாடி தந்துகொண்டிருந்தார். நான் அதை என் கால்களின் பலம் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் புதுச் சில்லுகளுக்கு அடியில் திருஷ்டி கழிக்கத் தேசிக்காய் வைத்தார். “காருக்கெண்டா நாலு. இதுக்கு ரெண்டு காணும். மிச்சத்தில எனக்குச் சர்பத் போட்டுத் தாரும்.” நசித்துக்கொண்டு போனபின் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார். “காத்துக் கருப்பு இருந்தா இதோட போயிடும். சில்லு வெட்டுற காத்து வேற, இது வேற.” அன்று அண்ணை வராத நாள். தனியே ஓடினேன். காற்று இல்லை. எட்டு நிமிடம் இரண்டு வினாடி.

இன்னும் இரண்டு வினாடி. நாளைக்கு அண்ணை வருவார், ஐந்து வினாடி கிடைக்கும் என்று மனதுக்குள் கூட்டிக் கழித்தேன். பிறகு அவர் இந்த வேகத்துக்கு ஒட்டி வருவாரா என்றும் நினைத்தேன். வராவிட்டால் வராமல் போகட்டும் என்றும் நினைத்தேன். மூன்றும் அதே ஒழுங்கில் நாட்குறிப்பில் இருக்கின்றன.

திங்கட்கிழமை பாலத்தடியில் அவர் சில்லை வெகுநேரம் பார்த்தார். அதுதான் நாலாவது தடவை. அவருடைய முகத்தை நான் நேராகப் பார்த்த கடைசித் தடவை.

“என்ன தங்கச்சி இது?”

“காத்து வெட்டுற சில்லு, அண்ணை.”

“வெட்டின காத்து எங்க போகும்?”

“பின்னுக்குத்தான்.”

“அப்ப என்னட்டத்தான் வரும்” என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவை. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. “நீங்கள் போங்கோ. நான் பின்னால வாறன்.”

நான் முதல் மிதியிலிருந்தே முழுப் பலத்தோடு மிதித்தேன். அந்தச் சில்லுகளுக்கு ஒரு சத்தம் உண்டு. வேகம் ஏற ஏற, வெறும் போத்தலின் வாயில் ஊதுவதைப் போல ஊ என்று அடித்தொண்டையில் ஒரு முனகல். பம்பலப்பிட்டி வரை அதற்குள் கறகறப்பும் கேட்டது, விடுபடலோடு. அதன் பிறகு முனகல் மட்டும். அவர் சொல்லித்தந்தபடியே நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு நிமிடம் ஐம்பத்தேழு வினாடி. ரயில் நிலையத்தடியில் இறங்கி மூச்சு வாங்கினேன். “வந்திட்டன்” என்ற குரலுக்காகக் காத்திருந்தேன்.

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினேன். வீதி வெறுமையாக இருந்தது.

அதே வழியில் மெதுவாகத் திரும்பி ஓடினேன். விழுந்து கிடக்கவில்லை. சைக்கிள் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டு இல்லை. பம்பலப்பிட்டியில் செவ்விளநீர்க்காரர் வண்டிலைத் திறந்துகொண்டிருந்தார். எங்கள் இருவரையும் நாளாந்தம் காண்கிறவர். “மிஸ் போனத கண்டேன். தனியாத்தான் போனீங்க” என்றார். அந்தக் காலையில் எவருக்கும் விபத்து நடக்கவில்லை என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னார்கள். காணாமற்போனவராக எழுதலாம் என்று ஓர் அலுவலர் கடதாசியை எடுத்தார். பெயர் கேட்டார். தெரியாது. விலாசம். தெரியாது. உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். “எனக்குப் பின்னால் வருகிறவர்” என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனையை மூடினார். கோபப்படவில்லை. என்னை ஒரு கதிரையில் இருக்கச் சொல்லி, தண்ணீர் தந்தார்.

மத்தியானம் நேரத்தை எழுத உட்கார்ந்தேன். 7.57 என்று எழுதிய பிறகுதான் கை நின்றது. காற்று இல்லாத ஞாயிறு, அதே சில்லு, தனியே, 8.02. காற்று இல்லாத திங்கள், அதே சில்லு, 7.57. ஐந்து வினாடி. கொள்ளுப்பிட்டி வரை அந்த இடம் நிரம்பித்தான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் பாலத்தடிக்கு வரவில்லை. தேத்தண்ணிக் கடைக்கும் வரவில்லை. இரண்டு கிழமை தேடினேன். பிறகு அந்தச் சில்லுகளைக் கழற்றி நானாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய சில்லை மாட்டித் தந்தார். “என்ன மிஸ், ஓடல்லயா?” “நல்லா ஓடிச்சுது” என்றேன்.

பழைய சில்லோடு முதல் நாள். கொடி அசையவில்லை. தனியே போனேன். எட்டு நிமிடம் பத்து வினாடி வர வேண்டும். எட்டு நிமிடம் ஐந்து வினாடி வந்தது. மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் மணிக்கூட்டை மாற்றினேன். நானாவிடம் போய் ஹப்பைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். “புதுசா ஒண்ணும் இல்ல” என்றார். என் இரத்தத்தைச் சோதித்தேன், எடையைப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எட்டு நிமிடம் பத்து வினாடி.

இவரிடம் சொன்னேன். “நான் வந்து மதிலடியில இருந்து பாக்கட்டே?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நேரத்துக்கு அடுத்த கட்டத்தை இருபத்துமூன்று நாள் வெறுமையாக விட்டிருக்கிறேன். காணாத ஒன்றை நான் எழுதுவதில்லை. ஆய்வுகூடத்தில் அப்படி எழுதினால் வேலை போய்விடும். ஆனால் நடந்ததை எழுதாமல் விடுவதும் பொய்தான்.

நேற்று செவ்வாய்க்கிழமை. காற்று இல்லை. பாலத்தில் ஏறும்போது, “நான் போறன் அண்ணை, நீங்கள் வாங்கோ” என்று வாய்விட்டுச் சொன்னேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. மட்கார்ட் இல்லை, கறகறப்பு இல்லை. என் கழுத்தின் பின்பக்கத்தில் மட்டும் வியர்வை காயவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகு, பின்னால் வருகிற ஒருவருக்கு நிற்க இடம் வேண்டுமே என்று, சைக்கிளை இரண்டடி முன்னால் தள்ளி வைத்தேன்.

8.05. அ.